நீர் நடுவே ஒரு கோடு

சிவகங்கையிலிருந்து திருப்பத்தூருக்குச் செல்லும் சாலையில் உள்ள ஒக்கூரைத் தமிழுலகம் ஒரு புலவரின் பெயரோடு சேர்த்தே அறிந்திருக்கிறது. சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியாரின் ஊர் இதுவே என்று கொள்வர். அவர் பாடியவையாகக் கிடைப்பன எட்டுப் பாடல்களே. குறுந்தொகையில் ஐந்து, அகநானூற்றில் இரண்டு, புறநானூற்றில் ஒன்று. அந்தப் புறப்பாடலில் ஒரு தாய் வருகிறாள். அடுத்தடுத்த போர்களில் உடன்பிறந்தானையும் கணவனையும் இழந்தவள். போர்ப்பறை மீண்டும் ஒலிக்கிறது. தன் ஒரே மகனின் கையில் வேலைக் கொடுக்கிறாள், வெள்ளாடை உடுத்துகிறாள், பரட்டைக் குடுமியில் எண்ணெய் தடவுகிறாள், களம் நோக்கி அனுப்புகிறாள். அவள் முகம் எப்படி இருந்தது என்று புலவர் சொல்லவில்லை. அழுதாளா என்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட அந்த வெற்றிடத்தில்தான் படிப்பவரின் நெஞ்சு போய் நிற்கிறது.

இது ஓவியர் ஒருவரின் முறை. அதிலும் வண்ணம் தீட்டுபவரின் முறை அன்று; வெள்ளைத் தாளில் கரிய மையால் வரைபவரின் முறை. மை ஓவியத்தில் கோடு பாதி, வெறுமை பாதி. எதை வரைவது என்பதைவிட எதை வரையாமல் விடுவது என்பதே அங்குக் கடினமான முடிவு. இந்தக் கடினம் முழுமையாக வெளிப்படும் இடம் ஒன்று உண்டு. அது நீர்.

நீருக்கு வடிவம் இல்லை. விளிம்பு மட்டுமே உண்டு. செட்டிநாட்டு ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழை குறைந்த அந்நிலத்தில் ஊர்தோறும் ஊருணி வெட்டி, ஓடும் நீரையெல்லாம் அதற்குத் திருப்பிக் காத்தனர். படிக்கட்டு, கரைமேல் ஒரு மரம், எதிர்க்கரையில் ஒரு கோவில், நடுவே அசையாத நீர். இக்காட்சியை மையால் வரைய முனைபவர் மரத்தையும் கோவிலையும் எளிதில் வரைந்துவிடுவார். நீரை என்ன செய்வது? கோடுகளால் நிரப்பினால் அது உழுத வயலைப் போல் தோன்றும். அப்படியே விட்டுவிட்டால் வெறுந்தாளாய்க் கிடக்கும்.

இக்கேள்விக்கு மிக அழகிய விடை கண்டவர்களுள் ஒருவர் வெனிஸ் நகரத்து ஓவியர் கனலெட்டோ. 1697இல் பிறந்து 1768இல் மறைந்தவர். ஒக்கூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு இத்தாலி அப்படியொன்றும் அந்நியமான பெயர் அன்று. பர்மாத் தேக்குத் தூண்களின் கீழே இத்தாலியச் சலவைக்கல் பதித்த வீடுகள் அங்கு உண்டு. அந்தக் கற்களை அனுப்பிய நாட்டிலேயே, நீருக்குள் பிறந்து நீருக்குள் வாழும் நகரம் வெனிஸ். அதன் முதன்மைச் சதுக்கத்துக்கு எதிரே, அகன்ற நீர்ப்பரப்பின் அப்பால், ஒரு சிறு தீவு. அத்தீவின்மேல் சான் ஜோர்ஜோ மஜோரே என்னும் தேவாலயம். பல்லாடியோ என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1566இல் தொடங்கப்பட்டு, 1610 அளவில் முகப்பு முடிவுற்றது. வெண்ணிற முகப்பு, நடுவே குவிமாடம், அருகே மணிக்கோபுரம். கனலெட்டோ இத்தீவை வாழ்நாளில் பலமுறை வரைந்தார். எண்ணெய் வண்ணத்தில் வரைந்தவை சில, மைக்கோட்டில் வரைந்தவை சில.

மைக்கோட்டில் அவர் வேலை செய்யும் விதம் கவனிக்கத்தக்கது. கட்டடத்தின் நேர்க்கோடுகளுக்கு அளவுகோலைத் தயங்காமல் பயன்படுத்துகிறார். மனிதர்கள் வரும்போது அளவுகோல் விலகிவிடுகிறது. இரண்டு வளைவு, ஒரு புள்ளி, படகோட்டி எழுந்து நின்றுவிடுகிறான். நீருக்கு அவர் செய்வது மிகக் குறைவு. கரையோரத்தில் படுக்கைவசமாகச் சில சிறு கீற்றுகள். படகின் அடியில் தலைகீழாக நடுங்கும் ஒரு நிழல். மற்றதெல்லாம் தாள். அந்தத் தாளைப் பார்க்கும் கண் அதை நீர் என்றே நம்புகிறது. ஊருணிக் கரையில் வளர்ந்த ஒருவர் இப்படத்தைப் பார்த்தால் தேவாலயத்தைப் பிறகுதான் காண்பார். முதலில் அவர் கண் போவது அந்த நீருக்குத்தான்.

மையின் இயல்பையும் இங்குச் சொல்ல வேண்டும். அக்காலத்து ஐரோப்பியர் பெரிதும் எழுதவும் வரையவும் கொண்டது ஓக் மரக்கிளைகளில் தோன்றும் கழலைகளின் துவர்ப்புச் சாற்றோடு இரும்பு உப்பைச் சேர்த்த மை. தமிழ்நாட்டில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. எழுதும்போது கருமையாகும், நூற்றாண்டுகள் செல்லும்போது பழுப்பேறும். கரியால் செய்த மையோ வேறு வகை. ஓலைச்சுவடியில் எழுத்தாணி கீறிய பள்ளங்களில் பூசிய விளக்குக்கரி இன்றும் கறுப்பாகவே நிற்பது அதனால்தான். எந்த மையானாலும் ஒரு குணம் பொது. பென்சிலைப் போல் அழித்துத் திருத்த இடம் தராது. வரைபவர் முன்னால் பென்சிலில் ஒரு வரைவு போட்டுக்கொள்ளலாம், கனலெட்டோவும் போட்டுக்கொண்டார். ஆனால் பேனா தாளைத் தொட்ட கணத்திற்குப் பிறகு திரும்பிப் போக வழியில்லை. ஆகவே மை ஓவியரின் உழைப்பில் பெரும்பகுதி கையில் இல்லை. கோடு விழுவதற்கு முன் நிகழும் பார்வையில் இருக்கிறது.

கனலெட்டோ கண்டதைக் கண்டபடியே வரைந்தார் என்று எண்ணிவிடக் கூடாது. படத்தின் அமைதிக்காகக் கட்டடங்களைச் சற்று நகர்த்துவார், கால்வாயை அகலமாக்குவார், ஓரிடத்தில் நின்று காண முடியாத இரு காட்சிகளை ஒன்றாக்குவார். வெனிசை நன்கறிந்தவர்கள் அவர் படங்களில் இத்தகைய பொய்களைக் கண்டுபிடித்து மகிழ்வதுண்டு. ஆயினும் தீவுத் தேவாலயத்தின் செய்தியில் அவர் கோடு ஓர் அரிய சாட்சியாகிவிட்டது. அவர் வரைந்த மணிக்கோபுரம் அவர் மறைந்த ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1774இல் இடிந்து விழுந்தது. இன்று அங்கு நிற்பது 1791இல் கட்டி முடிக்கப்பட்ட வேறொரு கோபுரம். பழைய கோபுரம் எப்படி இருந்தது என்று அறிய விரும்புபவர் அவரும் அவர் காலத்து ஓவியர்களும் விட்டுச்சென்ற படங்களைத்தான் நாட வேண்டும். வரைந்தபோது அவர் ஒரு சாட்சியத்தைப் பதிவு செய்வதாக எண்ணியிருக்க வாய்ப்பில்லை. அவருக்கு அது விற்பனைக்குரிய காட்சி. வெனிசில் வாழ்ந்த ஆங்கிலேயர் ஜோசப் ஸ்மித் அவர் படைப்புகளைப் பெருமளவில் வாங்கிச் சேர்த்தார். 1762இல் அத்தொகுப்பு இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு விற்கப்பட்டது. கனலெட்டோவின் 140க்கும் மேற்பட்ட வரைபடங்கள் இன்றும் அந்நாட்டு அரச தொகுப்பில் உள்ளன.

1766இல், மறைவுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, வெனிசின் புனித மாற்கு தேவாலயத்தில் பாடகர்கள் பாடும் காட்சியை அவர் மையில் வரைந்தார். நுணுக்கமான படம். அதன் கீழே தம் கையால் ஒரு குறிப்பு எழுதினார். தமக்கு அகவை 68 என்றும், இதை மூக்குக் கண்ணாடி இல்லாமலே வரைந்ததாகவும் அதில் சொல்கிறார். உலகப் புகழ் பெற்ற ஓவியர், வாழ்வின் அந்தியில், பெருமையோடு பதிவு செய்ய விரும்பியது தம் புகழை அன்று, தம் கண்களை.

அந்தப் பெருமை எல்லா ஓவியருக்கும் வாய்ப்பதில்லை. ஒக்கூரிலிருந்து பேருந்தில் புறப்பட்டால் நண்பகலுக்குள் சென்று சேரக்கூடிய மதுரையில், 1936இல், மனோகர் தேவதாஸ் பிறந்தார். அவர் ஓவியப் பள்ளியில் பயின்றவர் அல்லர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்துச் சென்னையில் மின்கலத் தொழிற்சாலை ஒன்றில் வேதியியலாளராகப் பணியாற்றினார். ஆனால் அவர் கை பேனாவை விட்டதில்லை. தாம் பிறந்து வளர்ந்த மதுரையை, அதன் கோபுரங்களை, மண்டபங்களை, யானைமலையை, தெப்பக்குளத்தைக் கரிய மையால் நுண்கோடுகளில் வரைந்தார். தம் சிறுவயது மதுரையைப் பின்னணியாகக் கொண்டு ‘கிரீன் வெல் இயர்ஸ்’ என்ற ஆங்கில நாவலை 1997இல் எழுதினார். மதுரை பற்றிய படங்களும் எழுத்தும் சேர்ந்த ‘மல்டிபிள் ஃபேசட்ஸ் ஆஃப் மை மதுரை’ 2007இல் வெளிவந்தது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

மேற்சொன்ன பத்தி வாழ்க்கைக் குறிப்புக்குப் போதும். அவர் எப்படி வரைந்தார் என்பதுதான் உண்மையான செய்தி.

அவருக்கு விழித்திரையைச் சிதைக்கும் பரம்பரை நோய் இருந்தது. ‘ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா’ என்று மருத்துவர் குறிப்பிடும் அந்நோயில் மங்கிய ஒளியை உணரும் செல்கள் முதலில் அழியும். இரவில் பார்வை குன்றும். பிறகு பார்வையின் ஓரங்கள் இருளத் தொடங்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல, உலகம் ஒரு குழாயின் வழியே காணும் சிறு வட்டமாகச் சுருங்கும். கோபுரத்தின் முன் நிற்பவருக்குக் கோபுரம் தெரியாது. ஒரு பொம்மையின் தோள் தெரியும், கண்ணைச் சற்று நகர்த்தினால் அதன் கை தெரியும், இன்னும் நகர்த்தினால் அடுத்த நிலையின் கொடுங்கை தெரியும். துண்டு துண்டாய்க் கண்டதையெல்லாம் மனத்தில் பொருத்தி முழுக் கோபுரத்தை அவரே கட்டி எழுப்ப வேண்டும். தேவதாஸ் அதைத்தான் செய்தார். தடித்த கண்ணாடி அணிந்து, வலிய விளக்கின் ஒளியில், முகத்தைத் தாளுக்கு மிக அருகே கொண்டுசென்று வரைந்தார். முந்திய கோடு எங்கே முடிந்தது என்பதே பார்வை வட்டத்துக்கு வெளியே போய்விடக்கூடிய நிலை. அந்நிலையில் அழிக்க முடியாத மையைத் தேர்ந்தவர் அவர்.

வரைந்து முடித்த படங்களைப் பார்ப்பவருக்கு இவ்வுழைப்பின் சுவடு தெரிவதில்லை. தூண்கள் நேராக நிற்கின்றன. தொலைவு தொலைவாகவே இருக்கிறது. ஒளி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழுகிறது. தெரிந்த பிறகு பார்ப்பவருக்கோ அதே படம் வேறாகிவிடும். இது சரியான பார்வைதானா என்ற கேள்வியும் எழாமல் இல்லை. ஓவியரின் துன்பத்தை அறிந்து இரங்கும் கண், ஓவியத்தின் நிறைகுறைகளைக் காணத் தவறிவிடக்கூடும். தேவதாஸின் கோடுகள் அந்த இரக்கத்தைக் கேட்டு நிற்பவை அல்ல. நோயைப் பற்றி எதுவும் அறியாதவர் பார்த்தாலும் அவை நிற்கும். அப்படி அறியாதவர்போல் ஒருமுறை பார்ப்பதே அவற்றுக்கு மரியாதை.

அவர் தனியாக வரைந்தவரும் அல்லர். 1963இல் மகிமாவை மணந்தார். மகிமாவும் கலையுள்ளம் கொண்டவர். 1972 டிசம்பரின் இறுதியில் நேர்ந்த சாலை விபத்தில் மகிமாவின் கழுத்தெலும்பு முறிந்து, தோள்களுக்குக் கீழே உடல் செயலிழந்தது. அதன் பிறகு 2008இல் மறையும் வரை 35 ஆண்டுகள் அவர் சக்கர நாற்காலியில் வாழ்ந்தார். கணவர் வரைந்த படங்களை வாழ்த்து அட்டைகளாக அச்சிட்டனர். அப்படங்களைப் பற்றிய குறிப்புகளை மகிமா எழுதினார். விற்ற பணத்தை அறப்பணிகளுக்கு அளித்தனர். ஒருவருக்குக் கண் குறைந்துகொண்டே வந்தது. மற்றவருக்குக் கை அசையவில்லை. இருவருக்கும் இடையே ஒரு தாள் நிறைந்தது. மனோகர் தேவதாஸ் இறுதி ஆண்டுகளில் பார்வையை முற்றும் இழந்து, 2022 டிசம்பரில் மறைந்தார்.

அவர் நகரமான மதுரையிலும் நீர் நடுவே நிற்கும் ஒரு திருத்தலம் உண்டு. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஏறத்தாழ 305 மீட்டர் நீளமும் 290 மீட்டர் அகலமும் உடையது. திருமலை நாயக்கர் 1645இல் அமைத்தது. தம் மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளமே குளமாயிற்று என்றும், தோண்டும்போது கிடைத்த பிள்ளையாரே மீனாட்சியம்மன் கோவிலின் முக்குறுணிப் பிள்ளையார் என்றும் மதுரை மக்கள் சொல்வர். குளத்தின் நடுவே மரங்கள் சூழ்ந்த திட்டு. திட்டின்மேல் மைய மண்டபம். தைப்பூசத்தன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் தெப்பத்தில் ஏறி அதை வலம் வருவர். வெனிசின் தீவுத் தேவாலயத்தை வரைந்தவருக்கு இருந்த அதே கணக்கு இங்கும் இருக்கிறது: கீழே அகன்ற வெறுமை, மேலே அகன்ற வெறுமை, இரண்டுக்கும் நடுவே ஒரு கட்டடம். அக்கட்டடம் மிதக்க வேண்டும், மூழ்கிவிடக் கூடாது.

ஆனால் மதுரைத் தெப்பக்குளத்துக்கு வெனிஸ் அறியாத ஒரு சிக்கல் உண்டு. பல ஆண்டுகள் அதில் நீர் நிற்கவில்லை. விழாக்காலத்தில் மட்டும் நிரப்புவர். மற்ற நாட்களில் சிறுவர்கள் உள்ளே இறங்கி மட்டைப்பந்து ஆடினர். நடந்தே போய் ஏறக்கூடிய இடத்தைத் தீவு என்று யார் சொல்வார்? அண்மை ஆண்டுகளில் வைகையிலிருந்து பனையூர்க் கால்வாய் வழியே நீர் கொண்டுவரப்பட்டு, குளம் மீண்டும் குளமாயிற்று. மண்டபத்தின் நிழல் நெடுநாளைக்குப் பின் அதன் காலடியில் வந்து விழுந்தது.

ஒக்கூரின் பக்கம் திரும்பினால் இழப்பு வேறு வடிவில் இருக்கிறது. நகரத்தார் ஊர்கள் ஒரு காலத்தில் 96 என்பர். இன்று எழுபதுக்கும் மேற்பட்டவை எஞ்சியுள்ளன. அவ்வூர்களின் பெருவீடுகள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடையே எழுந்தவை. பர்மாவில் நடந்த வணிகம் இரண்டாம் உலகப் போரோடு நொடித்த பின் வீடுகளைக் காக்கும் பொருளும் ஆளும் குறைந்தன. பங்காளிகள் பல ஊர்களில், பல நாடுகளில். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியலில் ஊர் இருப்பது வேறு. வீட்டில் தூண் இருப்பது வேறு. கலைத்த வீடுகளின் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என ஒன்றன்பின் ஒன்றாய் நீளும் அவ்வீட்டில் வாசலில் நிற்பவரின் பார்வை கதவுகளைக் கடந்து பின்கட்டு வரை நேராகச் செல்லும். மை ஓவியருக்கு அதைவிடச் சிறந்த காட்சி கிடைப்பது அரிது. தூண் கடைக்குப் போன பிறகு அந்த நேர்க்கோட்டை எவரும் பார்த்து வரைய முடியாது. தேவதாஸ் வரைந்ததுபோல் நினைவிலிருந்து பொறுக்கி எடுத்துத்தான் வரைய வேண்டும். அதற்கு முன் அதைக் கண்ணால் கண்டவர் இருக்க வேண்டும்.

சித்திரை வெயிலில் ஊருணி வற்றிக் கிடக்கும் நாளில், ஒரு மாணவர் கரைப் படியில் அமர்ந்து எதிர்க்கரைக் கோவிலை மையால் வரைகிறார் என்று கொள்வோம். விமானம் வந்துவிட்டது, மதில் வந்துவிட்டது, படிகள் வந்துவிட்டன. கீழே பாதித் தாள் வெறுமையாக இருக்கிறது. நீர் நிறைந்த ஊருணிக்கும் அதே வெள்ளைத் தாள்தான்; வற்றிய ஊருணிக்கும் அதே வெள்ளைத் தாள்தான். வேறுபாடு படியின் அடியில் தலைகீழாக இடவேண்டிய நான்கைந்து கீற்றுகள் மட்டுமே. பேனாவில் மை இருக்கிறது. அவர் இன்னும் கையை இறக்கவில்லை. படிக்கு அடியில் தெரியும் வெடித்த வண்டலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.